வன்னிக்குக் கிரகணம் திரும்பி வரும் கணக்கு

முல்லைத்தீவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2010இல் பட்டிப்பொங்கலன்று ஒரு சூரிய கிரகணம் வந்தது. பிறகு 2019 டிசம்பர் 26 காலையில் இன்னொன்று. இரண்டும் எங்களுக்கு வளையமாகத் தெரிந்தன. இடைவெளி கிட்டத்தட்டப் பத்து வருடம். அப்படியென்றால் 2029 அளவில் அடுத்ததா? பதினெட்டு வருடத்துக்கு ஒருமுறை அதே கிரகணம் திரும்பும் என்றும் படித்தேன். இதில் எது சரி? இடையில் அரைகுறையாக வந்துபோகும் கிரகணங்களுக்கும் ஒரு ஒழுங்கு உண்டா?"

தம்பி, பத்து வருடக் கணக்கு பொருந்தாது. 2029இல் உலகத்தில் நான்கு சூரிய கிரகணங்கள் வருகின்றன: ஜனவரி 14, ஜூன் 12, ஜூலை 11, டிசம்பர் 5. நான்கும் பகுதிக் கிரகணங்கள்தான். ஒன்றுகூட வன்னியில் தெரியாது. பதினெட்டு வருடக் கணக்கு உண்மையானது, மிகத் துல்லியமானதும்கூட. ஆனால் அது முழுப் பூமிக்கான கணக்கு. கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ தனியாக எழுதப்பட்டது அல்ல. உங்கள் குழப்பம் எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் முடிச்சுப் போட்டிருக்கிறது. அதை அவிழ்த்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் வன்னிக்கு அண்மைக் காலத்தில் வந்தவற்றை வரிசையாகப் பார்ப்போம். 2009 ஜனவரி 26 பிற்பகலில் ஒரு பகுதிக் கிரகணம். அதன் வளையம் இந்தோனேசியாப் பக்கம் தெரிந்தது, நமக்கு ஓரம்தான் மறைந்தது. அந்த நாட்களில் வன்னிச் சனம் பதுங்கு குழிக்கும் அடுத்த இடப்பெயர்வுக்கும் நடுவில் இருந்தது. கிரகணம் பார்க்க யாரும் வானத்தை அண்ணாந்திருக்க மாட்டார்கள். அதே வருடம் ஜூலை 22, ஆடி அமாவாசையன்று, சூரியன் எழும்போதே கடிபட்டபடி எழுந்தது. அன்று வட இந்தியாவிலும் சீனாவிலும் பூரண கிரகணம், இந்த நூற்றாண்டிலேயே மிக நீண்டது, 6 நிமிடம் 39 செக்கன். அதற்கு ஆறு அமாவாசை கழித்து 2010 ஜனவரி 15. அப்போது நம் ஆட்களில் எத்தனையோ பேர் இன்னும் செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில்தான் இருந்தார்கள். மதியம் ஒரு மணி கழிந்து, நடு வானத்தில், சூரியன் ஒரு மெல்லிய வளையல் ஆனது. யாழ்ப்பாணப் பக்கம் அந்த வளையம் பத்து நிமிடம் அளவில் நின்றது. பாதையின் நடுவே, இந்து சமுத்திரத்தில், அது நீடித்த மிகக்கூடிய நேரம் 11 நிமிடம் 8 செக்கன். அதை மிஞ்சும் வளையக் கிரகணம் 3043ஆம் ஆண்டு வரைக்கும் இல்லை.

அப்புறம் 2016 மார்ச் 9 விடியலில் ஒரு பகுதிக் கிரகணம். 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணிக்குச் சற்றுப் பின் வளையம், இம்முறை மூன்று நிமிடம் அளவில்தான். 2020 ஜூன் 21 முற்பகலில், ஊரடங்குக் காலத்துக்கு நடுவே, கொஞ்சமாக மறைந்த ஒரு பகுதிக் கிரகணம். 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள் மாலை, சூரியன் மறையும் வேளையில் இன்னொன்று. வடக்கில் அது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் தெரிந்தது. அதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. மேற்கே மரமும் மேகமும் இல்லாத இடத்தில் நின்றவர்கள்தான் பார்த்தார்கள்.

பதினான்கு வருடத்துக்குள் ஏழு. இடைவெளிகளைப் பாருங்கள்: ஆறு மாதம், ஆறு மாதம், ஆறு வருடம், மூன்றே முக்கால் வருடம், ஆறு மாதம், இரண்டு வருடம் சொச்சம். இதில் எந்த ஒழுங்கும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இந்த ஏழில் ஒவ்வொன்றும் தனித்தனியே பிசகாத ஒரு ஒழுங்கைச் சேர்ந்தது. ஏழு வெவ்வேறு குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே முற்றத்தால் குறுக்கே போனதைப் பார்த்துவிட்டு, இவர்கள் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது போன்றது ஊர்க்கணக்கு. ஒரு பிள்ளையைப் பின்தொடர்ந்து போனால்தான் அதன் வழக்கம் தெரியும்.

அந்தக் குடும்பம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லா அமாவாசையிலும் ஏன் வருவதில்லை? சந்திரனின் பாதை, சூரியன் போவதாக நமக்குத் தெரியும் பாதையோடு ஐந்து பாகை அளவில் சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் சந்திரன் சூரியனுக்கு மேலாலோ கீழாலோ போய்விடும், நிழல் பூமியில் விழாது. இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகள் இரண்டு உண்டு. சந்திரன் வடக்கு நோக்கி ஏறிக் கடக்கும் புள்ளியை ராகு என்றும், தெற்கு நோக்கி இறங்கிக் கடக்கும் புள்ளியைக் கேது என்றும் நம் கணிதர்கள் வைத்துக்கொண்டார்கள். பாம்பு விழுங்குகிறது என்ற கதைக்கு உள்ளே இருக்கும் கணிதம் இதுதான். ராகுவுக்கும் கேதுவுக்கும் உடல் இல்லை, ஆனால் வானத்தில் இடம் உண்டு, அந்த இடத்தைக் கணக்கிடலாம். பஞ்சாங்கத்தில் "ராகு கிரஸ்தம்", "கேது கிரஸ்தம்" என்று போடுவது எந்தப் புள்ளியில் கிரகணம் நடக்கிறது என்பதைத்தான். 2010இல் வந்தது ராகு கிரஸ்தம். 2019இல் வந்தது கேது கிரஸ்தம். வீட்டில் பழைய பஞ்சாங்கம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே குடும்பமாக இருக்க முடியாது என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும்.

சூரியன் இந்தப் புள்ளிகளில் ஒன்றை ஏறத்தாழ 173 நாட்களுக்கு ஒருமுறை நெருங்குகிறது. நெருங்கி நிற்கும் காலம் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூட. ஒரு அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இருபத்தொன்பதரை நாள்தானே, ஆகவே அந்தக் காலத்துக்குள் ஒரு அமாவாசை கட்டாயம் வந்தே தீரும். சிலவேளை இரண்டு விழும், 2029 ஜூன் 12உம் ஜூலை 11உம் அப்படி விழுந்தவை. வருடத்துக்குக் குறைந்தது இரண்டு சூரிய கிரகணம், கூடியது ஐந்து என்பது இதிலிருந்து வருகிறது. 2009 ஜனவரி, 2009 ஜூலை, 2010 ஜனவரி என்று ஆறாறு மாதமாக மூன்று வந்ததும் இதனால்தான். சூரியன் ராகுவிடம் ஒருமுறை, கேதுவிடம் ஒருமுறை, மீண்டும் ராகுவிடம் என்று மாறி மாறிப் போனது.

இனிப் பதினெட்டு வருடக் கணக்கு. ஒரு கிரகணம் அப்படியே திரும்ப நடக்க வேண்டும் என்றால் மூன்று விடயங்கள் ஒன்றாகத் திரும்ப வேண்டும். ஒன்று, அமாவாசை. அதன் சுற்று 29.53 நாள். இரண்டு, சந்திரன் அதே ராகு அல்லது கேதுப் புள்ளிக்கு வருவது. அதன் சுற்று 27.21 நாள். மூன்று, சந்திரன் பூமியிலிருந்து அதே தூரத்தில் இருப்பது. அதன் சுற்று 27.55 நாள். தூரம் ஏன் முக்கியம் என்றால், சந்திரன் கிட்ட இருந்தால் சூரியனை முழுதாக மூடும், தூரப் போனால் மூடப் போதாமல் சுற்றிவர ஒரு வளையம் மிஞ்சும். 2010இல் சந்திரன் தன் பாதையின் தூரமான முனைக்கு அண்மையில் இருந்தது. பூமியோ ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிகக் கிட்டப் போயிருந்ததால் சூரியனும் ஒரு துளி பெரிதாகத் தெரிந்தது. அதனால்தான் அந்த வளையம் அத்தனை நேரம் நின்றது.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 223 அமாவாசைச் சுற்றுகள் 6585.32 நாள். இரண்டாவது சுற்று 242 தரம் போனால் 6585.36 நாள். மூன்றாவது சுற்று 239 தரம் போனால் 6585.54 நாள். மூன்றும் ஒரே நாளுக்குள் வந்து சேர்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சுற்றுகள் இவ்வளவு நெருக்கமாக ஒரே இடத்தில் வந்து நிற்பது இயற்கை தந்த ஒரு வாய்ப்பு. இது இல்லாவிட்டால் தொலைநோக்கி இல்லாத காலத்தில் பாபிலோனியர்கள் கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அந்த 6585 நாளும் சொச்சமும்தான் 18 வருடம், 11 நாள், 8 மணித்தியாலம். இடையில் ஐந்து நெட்டாண்டு விழுந்தால் 10 நாள். இதை சாரோஸ் சுற்று என்பார்கள். இப்படிப் பதினெட்டுப் பதினெட்டு வருடமாகத் தொடரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் 2010 கிரகணம் 141ஆம் குடும்பம். 2019 கிரகணம் 132ஆம் குடும்பம். ராகுக் குடும்பங்களுக்கு ஒற்றை எண், கேதுக் குடும்பங்களுக்கு இரட்டை எண். இந்த விதி நம் பஞ்சாங்கத்தோடு அச்சொட்டாகப் பொருந்தும்.

சரி, இவ்வளவு துல்லியமாகத் திரும்பும் கிரகணம் ஏன் நம் ஊருக்குத் திரும்புவதில்லை? கடைசியில் நிற்கும் அந்த 8 மணித்தியாலத்தால்தான். எட்டு மணித்தியாலத்தில் பூமி தன் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடும். நிழல் அதே நிழல்தான், ஆனால் அது விழும்போது நிழலுக்குக் கீழே வேறு நாடு நிற்கிறது. 2010 ஜனவரி 15 கிரகணத்தின் அடுத்த பிறப்பு 2028 ஜனவரி 26. அது ஈக்குவடோர், பெரு, பிரேசில் வழியாகப் போய் ஸ்பெயினில் மாலையில் முடியும். அது உச்சத்தில் இருக்கும்போது வன்னியில் இரவு எட்டரை மணி. 2019 கிரகணத்தின் அடுத்த பிறப்பு 2038 ஜனவரி 5, கரீபியத் தீவுகளிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் தெரியும். அதுவும் நமக்கு இரவு. பதினெட்டு வருடம் காத்திருந்த ஒருவர் அன்று வாசலில் வந்து நின்றால் நட்சத்திரத்தைத்தான் பார்க்கலாம்.

ஆனால் எட்டை மூன்றால் பெருக்கினால் இருபத்து நான்கு. மூன்று சாரோஸ் போனால் பூமி முழுச் சுற்றாகத் திரும்பி, அதே பக்கம் நிழலுக்கு நேரே வந்து நிற்கும். 54 வருடமும் ஒரு மாதமும் சொச்சமும். இதற்கு வன்னியைச் சுற்றியே ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1955 ஜூன் 20ஆம் திகதி காலையில் இலங்கையின் நடுவால், பொலன்னறுவைப் பக்கமாக, பூரண சூரிய கிரகணம் போனது. பாதையின் மிக நீண்ட இடத்தில் 7 நிமிடம் 8 செக்கன் நீடித்த பெரும் கிரகணம் அது. வெளிநாட்டு வானியலாளர்கள் கருவிகளோடு வந்து இறங்கினார்கள், அவர்களில் பலருக்கு மேகம் குறுக்கே நின்றது. உங்கள் ஊரில் எழுபத்தைந்து எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப்பாருங்கள், சின்ன வயதில் காலையில் வெளிச்சம் மங்கிய நாள் நினைவிருக்கலாம். அது 136ஆம் குடும்பம். அதோடு 54 வருடமும் 32 நாளும் கூட்டுங்கள். 2009 ஜூலை 22 வரும். ஆடி அமாவாசையன்று விடியலில் நாம் கண்டது 1955இன் அதே கிரகணம்தான், மூன்று தலைமுறை கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பி வந்தது.

திரும்பி வந்தது என்றாலும் அதே கோட்டில் வரவில்லை. 1955இல் இலங்கைக்கு மேலால் போன பாதை, 2009இல் ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல் வடக்கே தள்ளி, சூரத், வாரணாசி, பட்னா வழியாகப் போனது. அதனால் ஒருகாலத்தில் இலங்கைக்குப் பூரணமாக இருந்தது நமக்குப் பகுதியாகிவிட்டது.

இதைவிட எனக்கு வியப்பானது ஒன்று உண்டு. 1955இல் ஜூன் கிரகணத்துக்கு ஆறு அமாவாசை கழித்து, டிசம்பர் 14 அன்று ஒரு வளையக் கிரகணம் மாலைதீவு, அந்தமான் வழியாகப் போனது. 12 நிமிடம் 9 செக்கன், அது எந்தக் காலத்துக்கும் மிக நீண்ட வளையங்களில் ஒன்று. அது 141ஆம் குடும்பம். அதாவது 2010இல் பட்டிப்பொங்கலன்று வந்தவரின் மூத்தவர். 2009 ஜூலையில் ஒன்று, ஆறு அமாவாசை கழித்து 2010 ஜனவரியில் ஒன்று என்று நாம் கண்ட சோடி, 1955 ஜூனிலும் டிசம்பரிலும் வந்த சோடியேதான். இரண்டும் கைகோத்தபடி 54 வருடம் கழித்து இந்து சமுத்திரப் பக்கம் திரும்பின. அடுத்த தரம் 2063 ஆகஸ்ட் 24உம் 2064 பிப்ரவரி 17உம். இதை இன்றே எழுதி வைக்கலாம், ஒரு நாளும் பிசகாது.

அரைகுறைக் கிரகணங்களுக்கு ஒழுங்கு உண்டா என்று கேட்டீர்கள். பகுதிக் கிரகணம் என்பதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் கலக்கக் கூடாது. முதல் வகை, வேறு எங்கோ பூரணமாகவோ வளையமாகவோ தெரிவது, நமக்கு மட்டும் பகுதி. சந்திரனின் முழுநிழல் நூறு இருநூறு கிலோமீற்றர் அகலமான ஒரு கீலம்தான். ஆனால் அதைச் சுற்றி விழும் அரைநிழல் ஏறத்தாழ 7000 கிலோமீற்றர் அகலம். அதற்குள் எங்கே நின்றாலும் சூரியனின் ஒரு பக்கம் மறையும். அதனால்தான் ஓர் ஊருக்குப் பகுதிக் கிரகணம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. வளையமோ சராசரியாக இருநூறு வருடத்துக்கும் மேல் எடுக்கும், பூரணம் முந்நூற்றைம்பது வருடத்துக்கும் மேல். 2009, 2016, 2020 மூன்றிலும் நாம் கண்டவை இந்த முதல் வகை.

இரண்டாவது வகை, உலகத்தில் எங்குமே பகுதிதான். முழுநிழல் பூமியைத் தொடாமல் துருவத்துக்கு மேலாலோ கீழாலோ போய்விடும், அரைநிழல் மட்டும் பட்டுப் போகும். 2022 தீபாவளிக்கு மறுநாள் வந்தது இந்த வகை. ரஷ்யாவில்தான் அதிகமாகத் தெரிந்தது, அங்கும் சூரிய விட்டத்தில் 86 வீதம் வரைதான் மறைந்தது. இங்கேதான் குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் தெரிகிறது. மூன்று சுற்றுகளும் 6585 நாளில் சேர்கின்றன என்றேன், ஆனால் அச்சொட்டாக அல்ல. தசமத்துக்குப் பின்னால் சின்ன வித்தியாசம் நிற்கிறது. அதனால் ஒவ்வொரு பதினெட்டு வருடத்துக்கும் அமாவாசை அந்தப் புள்ளியிலிருந்து அரைப் பாகை அளவில் விலகிப் போகிறது. ஆகவே ஒரு குடும்பம் ஒரு துருவத்தில் நகக்கீறல் போன்ற பகுதிக் கிரகணமாகப் பிறக்கும். சில நூறு வருடம் பகுதியாகவே வளரும். பிறகு முழுநிழல் பூமியைத் தொட்டு, பூரணமாகவோ வளையமாகவோ பல நூறு வருடம் ஆளும். அப்புறம் மறு துருவத்தில் மீண்டும் பகுதியாகத் தேய்ந்து முடிந்துவிடும். மொத்தம் எழுபது எண்பது கிரகணம், ஆயிரத்து இருநூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு வருடம் வரை.

2022இல் வந்தது 124ஆம் குடும்பம். அது பிறந்தது 1049இல், தஞ்சையில் பெரிய கோயில் எழுந்து நாற்பது வருடம் ஆகாத காலம். 73 பேர் கொண்ட அந்தக் குடும்பத்தில் 2022இல் வந்தவர் 55ஆவது. 1986 அக்டோபர் 3ஆம் திகதியோடு அதன் முழுநிழல் பூமியை விட்டு விலகிவிட்டது. 2004இலிருந்து எல்லாம் பகுதிதான், ஒவ்வொரு தரமும் முன்னதைவிடக் கொஞ்சம் குறைவு. 2040 நவம்பர் 4 அன்று இன்னும் குறையும். 2347இல் கடைசிப் பகுதிக் கிரகணத்தோடு குடும்பம் முடியும். அந்த மாலையில் மேற்கு வானத்தில் நாம் இருபது நிமிடம் கண்டது, ஆயிரம் வருடம் வாழ்ந்து முதுமையில் இருக்கும் ஒரு கிரகணத்தை. பகுதி என்பதால் அதைச் சின்ன விடயமாக எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அப்படியானால் 2010, 2019 இரண்டும் பத்து வருடத்துக்குள் ஒரே வன்னியில் வளையமாக வந்தது எப்படி? இரண்டு வேறு குடும்பங்களின் பாதைகள் தற்செயலாக ஒரே நிலத்தைக் கடந்தன, அவ்வளவுதான். சராசரி இருநூறு வருடம் என்பது நீண்ட காலத்துக்கான சராசரி. இடைக்கிடை இப்படிக் கூட்டமாகவும் வரும், பிறகு பல தலைமுறைக்கு ஒன்றும் வராமலும் போகும். நம் காலம் கூட்டமாக வரும் காலம். 2031 மே 21 அன்று, நண்பகல் கழிந்து, மூன்றாவது வளையமும் வருகிறது. ஆபிரிக்காவில் தொடங்கி, கேரளம், மதுரைப் பக்கம் வழியாக, வட இலங்கையைக் கடந்து மலேசியா, இந்தோனேசியாப் பக்கம் போகும். அது 138ஆம் குடும்பம்.

இதிலும் ஒரு நூல் ஓடுகிறது. 2009 ஜூலை 22, 2020 ஜூன் 21, 2031 மே 21: இந்த மூன்று திகதிகளையும் அருகருகே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே 135 அமாவாசை, பதினொரு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு. குடும்ப எண்கள் 136, 137, 138. சாரோஸ் ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் கணக்கு, இது ஒரு குடும்பத்திலிருந்து அடுத்த குடும்பத்துக்குத் தாவும் கணக்கு. இதில் சந்திரனின் தூரம் ஒத்து வராது, அதனால்தான் பூரணம், வளையம், வளையம் என்று சாயல் மாறுகிறது. 19 வருடக் கணக்கு ஒன்றும் உண்டு. 235 அமாவாசையில் திகதி ஏறத்தாழ அப்படியே திரும்பும். 2010 ஜனவரி 15ஓடு பத்தொன்பதைக் கூட்டினால் 2029 ஜனவரி 14, தைப்பொங்கலை ஒட்டியே வரும் கிரகணம். நான் முதலில் சொன்ன நான்கில் ஒன்று அது. தெரிவது வட அமெரிக்காவில்.

பஞ்சாங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் வெளியில் இருந்து வந்தது, நம் ஆட்கள் வெறும் நம்பிக்கையில் திகதி போட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அநியாயம். வாக்கிய பஞ்சாங்கக் கணிதர்கள் சந்திரன் ஒவ்வொரு நாளும் நிற்கும் இடத்தை 248 வாக்கியங்களில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். 248 நாள் என்பது நான் மேலே சொன்ன 27.55 நாள் சுற்று ஒன்பது தரம் போகும் காலம். எழுத்துக்கு எண் என்று வைத்து, எண்ணைச் சொல்லாக்கி, சொல்லை வாக்கியமாக்கி, அட்டவணை முழுவதையும் நெஞ்சில் சுமந்தார்கள். புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் ஏட்டில் எதையும் எழுதாமல், தரையில் சோழிகளை அடுக்கி, நினைவிலிருந்த வாக்கியங்களைக் கொண்டே, 1825 மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜோன் வாரன் என்ற அதிகாரி அதைப் பதிவுசெய்து வைத்தார். தொடக்க நேரத்தில் பிழை வெறும் நான்கு நிமிடம். நடு நேரத்தில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது உண்மைதான். சோழியும் ஞாபகமும் மட்டுமே கருவி என்று நினைத்துப் பாருங்கள். இன்றைய திருக்கணித பஞ்சாங்கங்கள் புதிய வானியல் எண்களைக் கொண்டு போடப்படுவதால் அவற்றின் நேரங்கள் நிமிடத்துக்கு நிற்கும். கிரகண நேரத்துக்கு நான் அவற்றைத்தான் பார்க்கச் சொல்வேன்.

உங்கள் கேள்வியில் நேரடியாக இல்லை, ஆனால் முல்லைத்தீவில் இருந்து கேட்டதால் இதையும் சொல்கிறேன். 2019 கிரகணம் டிசம்பர் 26 அன்று, சுனாமி நினைவு நாளில், அஞ்சலிக்காக இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் அதே காலை வேளையை ஒட்டி வந்தது. கடற்கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் விளக்கேற்றிக்கொண்டு நின்ற நேரத்தில் வெளிச்சம் மங்கியது. கடல் மறுபடி எழுமோ என்று நெஞ்சு பதறியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. 2004 டிசம்பர் 26 அமாவாசையே அல்ல, பறுவம். சூரிய கிரகணம் வரவே முடியாத நாள். அன்றைய அலை சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலத்தட்டு முறிந்ததால் எழுந்தது. கிரகணத்தன்று கடல் ஏறுவது மற்ற எந்த அமாவாசைக்கும் ஏறும் அளவுக்குத்தான். கர்ப்பிணிகளுக்கும் அப்படித்தான்: கிரகண வெளிச்சத்தில் வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு செய்யும் எதுவும் இல்லை. பசித்தால் சாப்பிடலாம். கோயில் நடை சாத்துவது, தலை முழுகுவது எல்லாம் அவரவர் வழிபாடு, அதற்குள் நான் போகவில்லை.

கண் விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பகுதிக் கிரகணத்திலும் வளையத்திலும் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, ஒரு கணம்கூட. பாதுகாப்பான வடிகட்டி சூரிய ஒளியில் லட்சத்தில் சில பங்கைத்தான் உள்ளே விடும். சட்டியில் தண்ணீர் வைத்து அதில் விழும் பிம்பத்தைப் பார்ப்பது நம்மிடம் பழக்கம், ஆனால் தண்ணீர் நூற்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. பாதுகாப்பான அளவைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு அது. எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி, சீடி, கறுப்புக் கண்ணாடி எதுவும் சரிவராது. ஐஎஸ்ஓ 12312-2 தரம் பொறித்த கிரகணக் கண்ணாடி, அல்லது 14ஆம் இலக்க வெல்டிங் கண்ணாடி. வெல்டிங் கடையில் சாதாரணமாகக் கிடப்பது அதைவிடக் குறைந்த இலக்கம், கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்றும் கிடைக்காவிட்டால் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பார்க்கலாம். மட்டையில் ஊசித் துளை போட்டு, இரண்டு மீற்றர் தள்ளி வெள்ளைத் தாளைப் பிடித்தால், இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த சூரியன் தாளில் விழும், கடித்த பக்கம் தெளிவாகத் தெரியும். கிடுகுக் கூரைக் குசினி உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். கூரை ஓட்டை ஒவ்வொன்றும் தரையில் ஒரு பிறையைப் போடும். வேம்பு, புளி நிழலிலும் இலை இடுக்கால் அதேபோல நூற்றுக்கணக்கில் விழும். பாடசாலையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அடுத்து வருவது 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை மாலை. எகிப்தில் லக்சோரில் ஆறு நிமிடத்துக்கும் மேல் பூரணமாகத் தெரியும் கிரகணம் அது, வன்னிக்குப் பகுதிக் கிரகணம். 2009 ஜூலை 22ஓடு பதினெட்டு வருடமும் பதினொரு நாளும் கூட்டிப் பாருங்கள், சரியாக அந்த நாள்தான் வரும். அன்றும் ஆடி அமாவாசை. அதே 136ஆம் குடும்பம். சாரோஸ் நம் ஊருக்குத் திரும்பாது என்றேன், ஆனால் பதினெட்டு வருடம் கழித்து விடியலில் இருந்து மாலைக்கு நகர்ந்து, அரைநிழலின் ஓரம் மட்டும் இப்படி எட்டிப் பார்க்கும் அதிர்ஷ்டமும் உண்டு. சூரியன் மேற்கே இறங்கும் வேளை என்பதால் மரம் மறைக்காத இடம் வேண்டும். மன்னார்க் கரையில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் என்றால் மேற்கே நீரோ வயலோ விரிந்திருக்கும் ஒரு குளக்கட்டைப் பார்த்து வையுங்கள். கண்ணாடியை இப்போதே வாங்கி வைத்தால் 2031க்கும் அதுவே உதவும், கீறலும் துளையும் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி.